கத்தி பட்டால் பரவுமா?

"கத்தி பட்டாப் பரவிரும்த்தா. அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும்."

செக்கானூரணிக்குப் பக்கத்து ஊரில் இருந்த என் அயித்தை இதைச் சொன்னபோது அவருக்கு 52 வயது. இடது மார்பில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலிக்கவில்லை. வலிக்காததாலேயே அது கேன்சராக இருக்காது என்று அவர் முடிவு கட்டியிருந்தார். மார்பகப் புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்பது அன்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மேலூரில் "ஊசி குத்துனாலே கிளம்பிரும்" என்பார்கள். திருமங்கலத்தில் ஒருவர் "உள்ள காத்துப் போயிட்டா அவ்வளவுதான்" என்றார். பெரியாஸ்பத்திரி வாசலில் ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்களிடம் பேச்சுக் கொடுத்தால், கொஞ்ச நேரத்தில் இது வந்துவிடும். டாக்டர்களில் பலர் இதை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறார்கள். அப்படித் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை. இதே கேள்வியைப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் பெயர் பெற்றவர்களும் கேட்டிருக்கிறார்கள். ஆயிரக்கணக்கான பெண்களைச் சேர்த்து, பத்து வருடம் இருபது வருடம் காத்திருந்து பதில் தேடியிருக்கிறார்கள். அதில் முக்கியமான ஆய்வுகள் சில நம் நாட்டிலேயே நடந்தவை. அந்தப் பதில்கள் செக்கானூரணி வரை வந்து சேரவில்லை, அதுதான் என் ஆதங்கம்.

இந்தப் பயம் நமக்கு மட்டும் சொந்தமும் இல்லை. 2003-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நுரையீரல் சிகிச்சைக்கு வந்த 626 பேரிடம், ஆபரேஷனில் காற்றுப் பட்டால் கேன்சர் பரவுமா என்று கேட்டார்கள். 38% பேர் பரவும் என்றார்கள்.

ஏன் அப்படித் தோன்றுகிறது என்பதும் புரியாத விஷயமல்ல. கட்டி தெரிந்த பிறகு ஒரு வருடம் பச்சிலை அரைத்துக் கட்டுகிறார்கள். தோல் வெடித்துப் புண்ணான பிறகுதான் ஆஸ்பத்திரி. அதற்குள் எலும்புக்கோ ஈரலுக்கோ நோய் போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. ஆபரேஷன் நடக்கும். ஆறு மாதத்தில் முதுகுவலி, மூச்சுத் திணறல். ஊர் பார்த்தது ஆபரேஷனையும் அதற்குப் பின்னால் வந்த சாவையும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. காக்கையைப் பார்த்தவர்கள் நூறு பேர் இருக்கிறார்கள், பழம் முன்பே காம்பு அறுந்திருந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. மறுபக்கம், சீக்கிரமே வந்து ஆபரேஷன் செய்துகொண்டு இருபது வருடமாக நன்றாக இருக்கும் பெண்கள் அதை வெளியில் சொல்வதில்லை. மகளுக்கு வரன் தட்டிப்போகும் என்ற பயம். ஆக, ஊர்க் கணக்கில் தோற்றவை மட்டுமே ஏறுகின்றன.

1894-ல் அமெரிக்காவின் பால்டிமோரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர், தான் செய்த 50 ஆபரேஷன்களைப் பற்றி எழுதினார். மார்பு, அதன் அடியில் இருக்கும் தசைகள், அக்குளில் இருக்கும் நிணநீர் முடிச்சுகள் எல்லாவற்றையும் ஒரே துண்டாக எடுத்துவிடுவது அவர் முறை. வயலில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் பாய்வதுபோலப் புற்றுநோய் அடுத்தடுத்த இடத்துக்கு வரிசையாகப் போகிறது, முன்னே போய் வரப்பை அடைத்துவிட்டால் நின்றுவிடும் என்று அவர் நம்பினார். கத்தி படாமல் விட்ட இடம்தான் ஆபத்து என்பது அவர் கணக்கு, நம் ஊர்க் கணக்குக்கு நேர் எதிர். எழுபது, எண்பது வருடம் உலகம் முழுக்க அதுவே சட்டம். பிழைத்த பெண்களுக்குக் குழிந்த நெஞ்சும் தூக்க முடியாத கையும் மிச்சம்.

பிட்ஸ்பர்க்கைச் சேர்ந்த பெர்னார்ட் ஃபிஷர் இதைச் சந்தேகப்பட்டார். புற்றுச் செல்கள் பாத்தி வரிசையெல்லாம் பார்ப்பதில்லை, பரவக்கூடிய கட்டி என்றால் ஆரம்பத்திலேயே ரத்தத்தில் கலந்துவிடும், அகலமாக வெட்டுவதால் உயிர் கூடுதலாக மிஞ்சாது என்றார். சொன்னதோடு நிற்காமல் சோதித்தார். 1971-ல் தொடங்கிய ஆய்வில் 1,665 பெண்கள். தசையோடு எடுத்தவர்களும், மார்பை மட்டும் எடுத்தவர்களும் 25 வருடம் கழித்துப் பார்த்தபோதும் ஒரே அளவில்தான் பிழைத்திருந்தார்கள். 1976-ல் தொடங்கிய அடுத்த ஆய்வில் 1,851 பெண்கள். இதில் ஒரு பிரிவினருக்கு மார்பு முழுவதும், இன்னொரு பிரிவினருக்குக் கட்டி மட்டும், மூன்றாவது பிரிவினருக்குக் கட்டியை எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு. 20 வருடம் கழித்தும் உயிர் பிழைத்திருப்பதில் மூன்று பிரிவுக்கும் வித்தியாசமில்லை. இத்தாலியின் மிலான் நகரில் உம்பெர்ட்டோ வெரொனேசி 701 பெண்களை வைத்துச் செய்த ஆய்விலும் இதே முடிவு. வேறுபாடு இருந்த இடம் ஒன்றுதான். கட்டியை மட்டும் எடுத்துவிட்டுக் கதிர்வீச்சு கொடுக்காதவர்களில் 39.2% பேருக்கு அதே மார்பில் திரும்ப வந்தது, கதிர்வீச்சு கொடுத்தவர்களில் 14.3%.

டாக்டர் தன் விருப்பப்படி யாருக்கு எது என்று முடிவு செய்திருந்தால் இந்த எண்களுக்கு மதிப்பே இருந்திருக்காது. சின்னக் கட்டிக்காரர்களுக்குச் சின்ன ஆபரேஷன் செய்துவிட்டு, "பாருங்கள், சின்ன ஆபரேஷனே நல்லது" என்று சொல்லிவிடலாம். அதனால்தான் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலுக்கே விடுகிறார்கள். மதுரைக்காரர்களுக்கு இது புதிதல்ல. வயல் வேலையில் கண்ணில் அடிபட்டு, பூஞ்சைத் தொற்றில் கருவிழி புண்ணாகி வந்தவர்களை வைத்து அரவிந்த் கண் மருத்துவமனைகளில் ஓர் ஆய்வு நடந்தது. 323 பேர். நாட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்தா, வோரிகோனசோல் என்ற புதிய மருந்தா என்று குலுக்கல். புதியதுதான் ஜெயிக்கும் என்று எதிர்பார்த்தவர்கள் நிறைய. 2013-ல் முடிவு வந்தபோது பழையது ஜெயித்திருந்தது. நம் பக்கத்து விவசாயிகளின் கண்கள் சொன்ன பதில் உலகம் முழுக்கக் கண் டாக்டர்களின் மருந்துச் சீட்டுக்குப் போயிருக்கிறது.

மார்புக்குத் திரும்புவோம். எவ்வளவு குறைவாக வெட்டலாம் என்ற தேடல் இன்றும் நிற்கவில்லை. எடுத்த கட்டியின் வெளிப்பக்கம் முழுக்க மை பூசி, மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். மை பட்ட ஓரத்தில் புற்றுச் செல் தொடவில்லை என்றால், பரவும் வகைப் புற்றுக்கு அதுவே போதும், இன்னும் சுற்றி வெட்ட வேண்டியதில்லை என்று 2014-ல் அமெரிக்காவின் அறுவை, கதிர்வீச்சு மருத்துவர் சங்கங்கள் சேர்ந்து சொல்லிவிட்டன.

அக்குளும் அப்படித்தான். அங்கே இருக்கும் முடிச்சுகளை எல்லாம் வழித்து எடுத்தால் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பெண்ணுக்குக் கை வீங்குகிறது. கட்டியிலிருந்து வடியும் நிணநீர் முதலில் போய்ச் சேரும் முடிச்சை மட்டும், நீலச் சாயம் செலுத்தி அடையாளம் கண்டு எடுத்துச் சோதித்தால் இருபதில் ஒருவருக்குத்தான் வீக்கம். வீங்கிய கையோடு நாற்று நட முடியாது, விடியற்காலையில் மல்லிகை பறிக்க முடியாது, சுங்குடிக்கு முடிச்சுப் போட முடியாது. எங்கள் பக்கத்தில் இது அழகு சம்பந்தப்பட்ட விஷயமல்ல, கூலி சம்பந்தப்பட்டது. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் ஒரு படி போனது. மார்பைக் காப்பாற்றும் ஆபரேஷனும் கதிர்வீச்சும் பெறும் பெண்களுக்கு, சோதித்த முடிச்சுகளில் ஒன்றிரண்டில் புற்று இருந்தால்கூட மற்றதை வழித்து எடுக்கத் தேவையில்லை என்று கண்டது. 10 வருடம் கழித்துப் பிழைத்திருந்தவர்கள், விட்டுவிட்டவர்களில் 86.3%, வழித்து எடுத்தவர்களில் 83.6%. இந்தச் சலுகை சின்னக் கட்டியோடு வந்தவர்களுக்கு. அக்குளில் நெறி கட்டித் தட்டுப்படும் நிலையில் வரும் பெண்ணுக்கு இது பொருந்தாது.

கதிர்வீச்சை நம் பக்கம் "கரண்ட் வைக்கிறது" என்பார்கள். மார்பைக் காப்பாற்ற வேண்டுமானால் பெரும்பாலும் கரண்ட் வைத்தே ஆக வேண்டும். பழைய முறைப்படி 25 நாள், வாரத்துக்கு ஐந்து நாள். உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கமிருந்து பாலரெங்காபுரம் அரசு ஆஸ்பத்திரிக்கு ஐந்து வாரம் தினமும் வந்து போவது என்றால் பஸ் காசு, ஒரு ஆள் துணை, இரண்டு பேரின் கூலி. "மொத்தமா எடுத்துருங்கம்மா, அலைய முடியாது" என்று சொன்ன பெண்களை எனக்குத் தெரியும். பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் 25 நாளை 15 நாளாக்கலாம் என்று காட்டின. 2020-ல் 4,096 பேரை வைத்து வந்த அடுத்த ஆய்வு, தகுந்தவர்களுக்கு ஒரே வாரத்தில் 5 தடவை கொடுத்தாலும் ஐந்து வருடத்தில் கட்டுப்பாடு குறையவில்லை என்றது. ஆராய்ச்சி என்றால் புது மருந்து என்றே நினைத்துக்கொள்கிறோம். பஸ் டிக்கெட்டைக் குறைக்கும் ஆராய்ச்சியும் இருக்கிறது, மதுரை மாவட்டத்துப் பெண்ணின் மார்பைக் காப்பாற்றுவதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு என்று நினைக்கிறேன்.

இனி ஊசி. அயித்தையின் கதையை இங்கே சொல்ல வேண்டும்.

மூன்று மாதம் கழித்துக் கட்டி பெரிதானதும் பக்கத்து டவுனில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். மேமோகிராம் என்ற மார்பு எக்ஸ்ரே இல்லை, ஊசிப் பரிசோதனை இல்லை. "சின்னக் கட்டிதான், எடுத்துரலாம்" என்று சொல்லி அன்றே எடுத்தார்கள். எடுத்த கட்டியை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மாமா கையில் கொடுத்து, மதுரையில் லேப்பில் கொடுங்கள் என்றார்கள். டப்பாவில் இருந்தது வெறும் சலைன். பங்குனி வெயில். அன்று ஞாயிற்றுக்கிழமை, லேப் பூட்டியிருந்தது. மறுநாள் காலையில்தான் கொடுக்க முடிந்தது. கேன்சர் என்று ரிப்போர்ட் வந்தது. ஓரம் வரை புற்று இருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை. எந்த மருந்து பலன் தரும் என்று சொல்லும் ஹார்மோன் ஏற்பி சோதனைக்குத் திசு லாயக்கில்லை என்று எழுதியிருந்தார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் மறுபடி ஆபரேஷன். ஊரில் என்ன சொன்னார்கள் என்று உங்களுக்கே தெரியும்: "பாத்தியா, கத்தி பட்டதும் பெருசாயிருச்சு."

கத்தி பட்டதில் தப்பில்லை. எதையும் தெரிந்துகொள்ளாமல் கத்தி பட்டதுதான் தப்பு. உடம்பிலிருந்து எடுத்த திசு உடனே கெட ஆரம்பிக்கிறது. ஒரு மணி நேரத்துக்குள் அது பத்து சதவீத ஃபார்மலின் கரைசலில் மூழ்க வேண்டும், பெரிய கட்டி என்றால் உள்ளே இறங்கும்படி கீறி வைக்க வேண்டும், 6 மணி நேரத்துக்குக் குறையாமலும் 72 மணி நேரத்துக்கு மேற்படாமலும் ஊற வேண்டும். அப்போதுதான் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 என்ற மூன்று சோதனையும் நம்பும்படி இருக்கும். தினம் ஒரு டமாக்சிஃபென் மாத்திரை பலன் தருமா, டிராஸ்டூசுமாப் ஊசி தேவையா என்பதெல்லாம் அந்த மூன்று வரியில் இருக்கிறது. ஒரு பாட்டில் ஃபார்மலின் இல்லாததால் அயித்தைக்கு அந்த மூன்று வரி கிடைக்கவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு ஆறவில்லை.

முறையாகச் செய்தால் வரிசை வேறு. முதலில் கையால் பரிசோதனை, பிறகு படம், பிறகு ஊசி, அதன் பிறகே கத்தி. ஊசி என்றால் ட்ரூ-கட் பயாப்ஸி. தோலை மரக்க வைத்து, கொஞ்சம் தடித்த ஊசியால் நூல் போன்ற சில துண்டுகளை எடுப்பார்கள். ஊசி குத்தினால் பரவுமா? ஊசி போன பாதையில் சில செல்கள் இடம் மாறிக் கிடப்பதை மைக்ராஸ்கோப்பில் பார்த்திருக்கிறார்கள், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆபரேஷன் நாள் தள்ளிப்போகப் போக அப்படிக் கிடக்கும் செல்கள் குறைந்துகொண்டே வருகின்றன. இடம் மாறிய செல்லுக்குப் புது இடத்தில் ரத்த ஓட்டமும் இல்லை, பிழைக்க வழியும் இல்லை. மிச்சம் இருந்தாலும் பின்னால் வரும் ஆபரேஷனும் கரண்டும் மருந்தும் பார்த்துக்கொள்கின்றன. பயாப்ஸி செய்துகொண்டவர்கள் அதனால் ஆயுள் குறைந்து போனதாக ஆய்வுகள் காட்டவில்லை.

படத்தைப் பற்றியும் இதே பயம் உண்டு: மேமோகிராமில் அமுக்குகிறார்களே, உடைந்து பரவாதா? பரவாது. மார்பைத் தட்டையாக்கினால்தான் உள்ளே ஒன்றின் மேல் ஒன்று படிந்து மறையாமல் தெரியும், கதிர்வீச்சும் குறைவாகப் போதும். மேமோகிராமுக்கு உண்மையான குறை வேறு. இளம் வயதில் மார்பகம் அடர்த்தியாக இருக்கும். படத்தில் அடர்த்தியும் வெள்ளை, கட்டியும் வெள்ளை. மல்லிகைக் குவியலில் வெள்ளை நூலைத் தேடுவதுபோல. நம் நாட்டில் மேலை நாடுகளைவிடச் சுமார் பத்து வருடம் முன்னதாகவே இந்த நோய் வருகிறது என்பதால் இது நமக்குக் கூடுதல் சிக்கல். இளம் பெண்களுக்கு அல்ட்ராசவுண்டும் சேர்த்துச் செய்வது அதனால்தான். ரிப்போர்ட்டின் கடைசியில் பைராட்ஸ் என்று ஓர் எண் இருக்கும். 3 என்றால் புற்றாக இருக்க 2%-க்கு மேல் வாய்ப்பில்லை, 5 என்றால் 95%-க்குக் குறையாது. 4 என்பது இரண்டுக்கும் நடுவில் மிக அகலமான இடம், அதற்கு ஊசி போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. எம்ஆர்ஐ எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகத் தெரியும் என்று காசு சேர்த்துக்கொண்டு வருகிறவர்களுக்கு ஒன்று: ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐ எடுத்தவர்கள், எடுக்காதவர்கள் என்று பிரிட்டனில் 1,623 பெண்களை வைத்துப் பார்த்தார்கள். இரண்டாவது ஆபரேஷன் தேவைப்பட்டது இரு பக்கமும் 19%. எல்லோருக்கும் எம்ஆர்ஐ தேவையில்லை.

மெஷினே இல்லாத இடத்தில்? மும்பையில் டாட்டா மெமோரியல் மருத்துவமனை 1998-ல் ஒரு பெரிய ஆய்வைத் தொடங்கியது. 35 முதல் 64 வயது வரை 1,51,538 பெண்கள். ஒரு பாதிக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பைப் பரிசோதித்தார்கள். டாக்டரும் இல்லை, மெஷினும் இல்லை. 20 வருடம் கழித்து 2021-ல் முடிவு வந்தது. முற்றிய நிலையில் கண்டுபிடிக்கப்பட்டவர்கள் மற்றப் பாதியில் 47%, இந்தப் பாதியில் 37%. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் மார்பகப் புற்று இறப்பு ஏறத்தாழ 30% குறைந்தது. அதற்குக் கீழே வயதுள்ளவர்களில் அப்படிக் குறைவு தெரியவில்லை என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 30 வயதைத் தாண்டிய பெண்களை நர்ஸம்மா கூப்பிட்டு மார்பைப் பார்க்கட்டுமா என்று கேட்டால், சங்கடப்படாமல் சரி என்று சொல்ல இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

கத்திக் கேள்வியின் கடினமான பகுதி இனிமேல்தான். நோய் ஏற்கெனவே எலும்புக்கோ நுரையீரலுக்கோ போய்விட்ட பெண்ணுக்கு மார்பில் இருக்கும் மூலக் கட்டியை எடுக்க வேண்டுமா? "வேரை எடுத்துட்டா செடி சாகும்ல?" என்று குடும்பத்தார் கேட்பார்கள். பழைய பதிவுகளைப் புரட்டியபோது, எடுத்தவர்கள் கூடுதல் நாள் வாழ்ந்ததாகத்தான் தெரிந்தது. ஆனால் தெம்பாக இருந்தவர்களையே ஆபரேஷனுக்குத் தேர்ந்தெடுத்திருப்பார்கள், தெம்புள்ளவர் கூடுதல் நாள் வாழ்வது இயற்கை. டாட்டா மெமோரியலில் டாக்டர் ராஜேந்திர பத்வே தலைமையில் 350 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். 2015-ல் வந்த முடிவு: பாதிப் பேர் தாண்டி வாழ்ந்த காலம் என்று கணக்கிட்டால், எடுத்தவர்கள் 19.2 மாதம், எடுக்காதவர்கள் 20.5 மாதம். வித்தியாசம் இல்லை. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. மூலக் கட்டியை எடுத்தவர்களுக்கு மார்பில் தொந்தரவு குறைந்தது, மற்ற இடங்களில் இருந்த நோய் கொஞ்சம் சீக்கிரமாக வளர்ந்தது. செக்கானூரணிப் பேச்சில் ஒரு துளி உண்மை இருப்பது இங்கேதான். நோய் முன்பே பரவிவிட்ட பெண்ணுக்கு மட்டும். துருக்கியில் நடந்த ஓர் ஆய்வு எடுப்பதே நல்லது என்றது, ஆனால் அங்கே எடுத்த பிரிவில் லேசான வகை நோயாளிகள் கூடுதலாக அமைந்துவிட்டார்கள். 2022-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று மும்பையின் முடிவையே உறுதிப்படுத்தியது. அதனால் இன்று அந்த நிலையில், புண், ரத்தக் கசிவு போன்ற அவஸ்தைக்காகச் செய்யலாம், ஆயுளுக்காக என்று வழக்கமாகச் செய்வதில்லை.

பத்வேயின் குழு அங்கே நிற்கவில்லை. குணமாகக்கூடிய நிலையில் இருக்கும் பெண்ணுக்கும், கத்தி படும் அந்தச் சில நிமிடத்தில் கட்டிக்கு ஏதாவது நேர்கிறதா என்று கேட்டார்கள். என் அயித்தை கேட்டதும் அதுதானே! கட்டியைத் தொட்டு அசைக்கும்போது செல்கள் கிளர்ச்சியடைந்து நகரத் தொடங்கலாம், அந்த நகர்வுக்குச் செல்லைச் சுற்றியுள்ள சவ்வில் இருக்கும் சோடியம் வாசல்கள் உதவலாம் என்பது அவர்கள் யோசனை. அந்த வாசல்களை அடைக்கும் மருந்து ஒவ்வொரு பல் ஆஸ்பத்திரியிலும் இருக்கிறது: லிடோகெய்ன், மரத்துப்போகப் போடும் ஊசி. 2011 முதல் 2022 வரை இந்தியாவில் 11 மையங்களில் 1,600 பெண்களைச் சேர்த்தார்கள். எல்லோருக்கும் மயக்கம் கொடுத்து வழக்கமான ஆபரேஷன். ஒரு பாதிக்கு மட்டும், கத்தி வைப்பதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்னால் கட்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் லிடோகெய்ன். ஐந்து வருடம் கழித்து நோய் திரும்பாமல் இருந்தவர்கள், ஊசி போடாத பக்கம் 82.6%, போட்ட பக்கம் 86.6%. உயிரோடு இருந்தவர்கள் 86.4%, 90.1%. நூற்றுக்கு நாலு பேர் என்பது சின்ன வித்தியாசமாகத் தோன்றலாம். லட்சக்கணக்கில் விலை வைத்து விற்கும் மருந்துகளில் சில இதைவிடக் குறைவான பலனுக்கே கொண்டாடப்பட்டிருக்கின்றன. ஒரே ஆய்வுதான், இன்னொரு இடத்திலும் செய்து பார்க்க வேண்டும் என்று மற்ற நாட்டு மருத்துவர்கள் சொல்வது நியாயம். எனக்கு இதில் மனதைத் தொடுவது அந்த எண்கள் மட்டுமல்ல. ஊர்ப் பெண்கள் காலங்காலமாகக் கேட்டு, நாம் காது கொடுக்காத ஒரு கேள்விக்கு, கேட்கத் தகுந்த கேள்வி என்ற மரியாதை கிடைத்திருக்கிறது.

அதற்காக, கத்தி பட்டால் பரவும் என்று பழையபடி சொல்லிவிட முடியாது. ஊசி போடாத பக்கத்திலும் நூற்றுக்கு 86 பேர் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருக்கிறார்கள், ஆபரேஷன் செய்துகொண்டதால் இருக்கிறார்கள். ஆபரேஷனைத் தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020-ல் வெளியிட்டதில், மார்பகப் புற்றுக்கு ஆபரேஷன் நான்கு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் சுமார் 8% கூடுகிறது, அடுத்த நான்கு வாரத்துக்கு இன்னும் அவ்வளவு. "சித்திரைத் திருவிழா முடியட்டும்", "ஆடி போகட்டும்", "நெல் வீடு வந்து சேரட்டும்" என்று நம் வீடுகளில் தள்ளுகிறோமே, அந்த வாரங்களின் விலை அது. 2022 மதிப்பீட்டின்படி இந்தியாவில் ஒரு வருடத்தில் மார்பகப் புற்று வந்தவர்கள் சுமார் 1,92,000, இறந்தவர்கள் சுமார் 98,000. புதிதாக நோய் வரும் இரண்டு பேருக்கு ஒரு சாவு.

இப்படிப்பட்ட ஆய்வு ஒன்றில் சேரச் சொல்லி நம்மிடமே கேட்டால்? எலியாக்கிவிடுவார்களோ என்ற பயம் வருவது இயல்பு. இந்தியாவில் மனிதர்களிடம் நடத்தும் மருந்து ஆய்வுகளை முன்கூட்டியே அரசுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பது 2009 முதல் கட்டாயம். 2019-ல் புது விதிகளும் வந்தன. ஒப்புதல் படிவம் தமிழில் கிடைக்க வேண்டும், வாசிக்கத் தெரியாதவருக்குச் சாட்சி வைத்துப் படித்துக் காட்ட வேண்டும், ஆய்வால் உடம்புக்குக் கேடு வந்தால் மருத்துவமும் நஷ்ட ஈடும் தர வேண்டும். எந்த நாளிலும் விலகிக்கொள்ளலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை நிறுத்தக் கூடாது. எனக்கு எந்தப் பிரிவு வந்தாலும் இன்று நடப்பில் இருக்கும் நல்ல சிகிச்சைக்குக் குறையாமல் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம்.

இந்த வருடம் தை பிறந்தபோது செல்லூரில் எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குக் கட்டி தெரிந்தது. 43 வயது. பத்தே நாளில் படமும் பயாப்ஸியும் முடிந்தன. துண்டுகள் ஃபார்மலினில் போகிறதா என்று அக்கா தானே எட்டிப் பார்த்தார், அயித்தை கதையை நான் சொல்லியிருந்தேன். கட்டி பெரிது, முதலில் கீமோ, பிறகு ஆபரேஷன் என்றார்கள். கீமோவில் கட்டி கரைந்து காணாமல் போனாலும் இடம் தெரிய வேண்டும் என்று உள்ளே அரிசி அளவுக்கு ஒரு உலோகக் கிளிப் வைத்தார்கள். அந்த மரத்துப்போற ஊசியைப் பற்றியும் டாக்டரிடம் கேட்கச் சொல்லியிருந்தேன். கேட்டார்.

"அந்த ஆய்வுல ஆபரேஷனை முதல்ல செஞ்சவங்களை மட்டும்தாம்மா சேர்த்தாங்க. கீமோ போட்ட பிறகு ஆபரேஷனுக்கு வர்றவங்களுக்கு அது பலன் தருமான்னு அந்தக் கணக்கை வச்சுச் சொல்ல முடியாது" என்றார் டாக்டர்.

அக்கா கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப எங்களை மாதிரி ஆளுக்கு அதைப் பாக்குறாய்ங்கன்னா, என்னையும் சேர்த்துக்குவாய்ங்களா சார்?"